முடுக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

நவம்பர் 28

இத்ரீஸ் மச்சான் ஒரு கோழை. கூடப்பிறந்த அக்காவிடம், என் ராத்தா நஃபீலாவிடம், ஒரு தலாக்கைச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டவரை வேறு எப்படிச் சொல்வது?

மஃரிபுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம். நான் கூடத்தில் ராத்தா மகள் ஸஃபாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்தாவின் அறையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் அவள் குரல், பிறகு அவர் குரல், பிறகு எதுவும் இல்லை. கதவு திறந்தது. மச்சான் எங்களைக் கடந்து வாசலுக்குப் போனார். ஸஃபாவின் தலையைத் தொட்டார். என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதனால் இங்கே சண்டை வந்தால் கிளம்பிப் போவதும் ஆண்தான். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தவர் அவர். எனக்குக் கூடப்பிறந்த காக்கா, அதாவது அண்ணன், யாரும் இல்லை.

ஒரு தலாக் என்பதால் கதவு இன்னும் முழுதாக மூடவில்லை என்று வாப்பா சொன்னார்கள். ராத்தாவுக்கு மூன்றாவது மாதவிலக்கு வரும்வரை அவர் மனம் மாறி, மீட்டுக்கொண்டேன் என்று சொல்லித் திரும்பலாம். அது வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. கெடு மட்டும் அவள் உடம்பில் ஓட வேண்டும். இதை எழுதும்போதே கை கொதிக்கிறது.

டிசம்பர் 1

மழை. வாசலில் கிடந்த மச்சான் செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன். தோல் செருப்பு, ஊறினால் வீணாகிவிடும் என்பதற்காகத்தான்.

டிசம்பர் 4

காலையில் திருநெல்வேலிக்குப் பஸ். குடும்ப ஆலோசனை மையத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே சொல்லித்தருவது புதுமுறை. குடும்பத்தில் யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆள் பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை. அதை ஆளிடமிருந்து பிரித்து வெளியே உட்கார வை, அதற்கொரு பெயர் வை, அது எப்படி எல்லாரையும் ஆட்டிவைக்கிறது என்று கேள். ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு கதை. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது உன் வேலை இல்லை.

பயிற்சி தரும் வனிதா மேடத்திடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். நான் இதில் இறங்கவே கூடாது என்றார். சொந்தக்காரி நடுவில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் குடும்பமும் போகும், தொழிலும் போகும். சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் உம்மா நெய்மீனில் நல்ல நடுத்துண்டைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார்கள். அது எப்போதும் மாப்பிள்ளைக்கு. யாருக்கு வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “கை பழகிப்போச்சு புள்ளே” என்றார்கள். பிறகு அந்தத் துண்டை யாரும் தொடவில்லை. கடைசியில் நான்தான் தின்றேன். நன்றாக இல்லை.

டிசம்பர் 10

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நடுவரை வைத்துப் பேச வேண்டும் என்று ஜமாஅத்தில் சொன்னார்கள். மார்க்கத்தில் உள்ள முறைதான். அவர் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர். இருவரும் சமாதானத்தை நாடினால் இறைவன் ஒற்றுமையைத் தருவான்.

அவர் பக்கம் கமாலுத்தீன். மச்சானின் பெரியம்மா மகன், பக்கத்து ஊர் அரபிக் கல்லூரியில் மெய்யியல் நடத்துகிறார். முப்பது வயதுகூட ஆகவில்லை, பேச்சு மட்டும் அறுபது வயதுக்காரர் மாதிரி. எங்கள் பக்கத்துக்கு வாப்பாவின் கூட்டாளி ஒருவரை முடிவு செய்துவிட்டார்கள். ராத்தாவிடம் கேட்கவில்லை.

ராத்தா உள்ளேயிருந்து என் பெயரைச் சொன்னாள்: “எனக்கு மர்ஜானா போதும்.”

கூடத்தில் ஐந்து ஆண்கள். ஒருவர் இருமினார். ஒருவர் பொம்பளப் புள்ளை என்று ஆரம்பித்தார். கமாலுத்தீன் குறுக்கே வந்து, பழைய அறிஞர்கள் பலர் ஆண்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை என்றார். எனக்காக அவர் பேசியது எரிச்சலாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் சொந்தக்காரி கூடவே கூடாது என்கிறார். மார்க்கம் சொந்தக்காரர்தான் வேண்டும் என்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில்.

டிசம்பர் 15

ராத்தாவுக்கு விலக்கு, இன்று தொழவில்லை. முதல் முறை.

டிசம்பர் 20

மச்சானைப் பார்க்கப் போனேன். அவர் உம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார், தாடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. பக்கத்தில் கமாலுத்தீன். “வாங்க டாக்டரம்மா, ஊசி கொண்டாந்தியளா?” என்றார் மச்சான். நான் சிரிக்கவில்லை. நான் திருச்சிக்குப் படிக்கப் போவதற்கு வாப்பாவோடு மூன்று நாள் பேசிச் சம்மதம் வாங்கியவர் இவர்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மேடம் சொல்லித்தந்தபடியே கேட்டேன். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எப்போது வந்தது? அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

கேலி செய்வார் என்று நினைத்தேன். கேலி இல்லாமல், “காவக்காரன்” என்றார்.

ஷார்ஜாவில் அவர் கம்பெனி வாசலில் ஒரு காவல்காரன் நிற்பானாம். அட்டையைக் காட்டினால்தான் உள்ளே விடுவான். போன வருஷம் வேலை போய் ஊருக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டு வாசலில் அவன் நிற்பது போல இருக்கிறதாம். “ஒவ்வொரு தடவ உள்ள வரும்போதும் யாரைப் பாக்கணும்னு கேக்குறான். எங்கிட்ட அட்டை இல்ல மர்ஜானா.”

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மரியாதைக்குக் குறைவில்லை, அதுதான் கொல்கிறது என்றார். ஒரு பல்பு மாற்றப் போனால்கூட, மாப்பிள்ளை நீங்க இருங்க என்று உம்மா ஸ்டூலைப் பிடுங்கிவிடுவார்களாம். உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன்.

டிசம்பர் 21

பெரிய கூத்து. நேற்று ராத்திரி நான் ராத்தாவிடம் காவல்காரனைப் பற்றிச் சொன்னதை உம்மா பாதி கேட்டிருக்கிறார்கள். நம் வாசலில் ஒருத்தன் நிற்கிறான், மாப்பிள்ளை கண்ணுக்கு மட்டும் தெரிகிறான் என்பது அவர்களுக்குப் புரிந்த விதம். காலையில் நான் எழுந்து வருவதற்குள் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்து ஓதி, தண்ணீரை வாசல்படி நெடுக ஊற்றியாகிவிட்டது. சாம்பிராணிப் புகையில் ஸஃபா தும்மிக்கொண்டிருந்தாள்.

அது ஜின் இல்லை, அவர் மனசுக்கு நாங்கள் வைத்த பெயர் என்று நான் விளக்கிச் சொன்னேன். உம்மா பொறுமையாகக் கேட்டார்கள். “மனசுல நின்னாலும் நிக்கிறவன் நிக்கிறவன்தானே. போகச் சொல்லியாச்சு. இப்ப போய் அவர வரச்சொல்லு.”

மேடத்திடம் சொன்னால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார். ராத்தா மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க.

ஜனவரி 3

கமாலுத்தீனோடு பள்ளிக்கூட மைதானத்தில் நின்று ஒரு மணி நேரம் சண்டை. சுற்றிலும் ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

என் முறை பாதி சரி, பாதி ஆபத்து என்கிறார். மனசில் ஊசலாட்டத்தைப் போடுகிறவன் வெளியே இருக்கிறான் என்றுதான் நாமும் சொல்கிறோம், அதனால் பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆனால் மறுமையில் ஷைத்தானே கைகழுவிவிடுவான் என்றார். “நான் கூப்பிட்டேன், அவ்வளவுதான். வந்தது நீங்க. என்னைக் குறை சொல்லாதீங்கம்பான். ஒங்க காவக்காரனும் அதைத்தான் சொல்லுவான். தலாக்குன்னு சொன்ன வாய் யாரோட வாய்?”

அடுத்து, நாலு பேருக்கு நாலு கதை என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கும் கண் நாலு இருக்கலாம், பார்க்கப்படுவது ஒன்று. உனக்கே எதிராக இருந்தாலும் சாட்சி சொல் என்று மார்க்கம் கேட்பது, சொல்வதற்கு ஓர் உண்மை இருப்பதால்தான்.

நான் விடவில்லை. ஊரில் ஓர் உண்மை, ஓர் உண்மை என்று பேசுகிறவர்கள் எல்லாம் யார்? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். அவர்கள் பார்த்ததற்குத்தான் உண்மை என்று பெயர், எங்கள் ராத்தா பார்த்ததற்கு அழுகை என்று பெயர். நாலு கதை என்று எங்கள் மேடம் சொல்வது, நாலாவது ஆளையும் பேசவிடுவதற்காக. அதைக் கேட்காமல் என்ன சாட்சி வாங்குவீர்கள்?

அதற்கு மட்டும் அவர் தலையசைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவர் சொன்ன ஒன்றில் இரண்டு பேருமே சண்டையை மறந்தோம். இந்தக் காத்திருப்புக் காலத்தில் மனைவியை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்பது மார்க்கம். ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் மனம் மாறலாம் என்பதற்காக. ஆனால் அது பெண் ஆண் வீட்டில் இருக்கும் ஊர்களுக்குச் சொன்ன பேச்சு. எங்கள் ஊரில் வீடு அவளுடையது, கிளம்பியது அவர். யாரும் அவளை அனுப்பவில்லை என்ற நிம்மதியில், ஒரே கூரை இல்லாமல் போனதை இரண்டு குடும்பமும் கவனிக்கவே இல்லை. ஒரு மாதத்துக்குமேல் போய்விட்டது.

இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லை, கிதாப் நடத்துகிற அவருக்கும் தோன்றவில்லை.

ஜனவரி 7

மச்சானை வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லி ஆள் அனுப்பினோம். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டனுப்பினார். இருக்கிற முகத்தோடுதான். அதை வழிக்கச் சொல்லுங்கள்.

ஜனவரி 12

ராத்தா தொழவில்லை. இரண்டாவது முறை. இன்னும் ஒன்றுதான்.

சாயங்காலம் அவள் அறையில் உட்கார்ந்தேன். பட்டப்பகலிலும் குழல்விளக்கு எரிய வேண்டும். முன்பு நெல் போட்டு வைத்த இடத்தில் கட்டில் போட்டு மணமக்கள் அறை ஆக்கினது. ஜன்னல் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் முடுக்கு, அதாவது பெண்கள் மட்டும் நடக்கும் சந்து. ஆண்கள் தெருவில் போவார்கள், நாங்கள் முடுக்கு வழியே வீடு வீடாகப் போய்வருவோம்.

அன்று என்ன நடந்தது என்று முதல் தடவையாகக் கேட்டேன். மச்சான் அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க ஆசைப்பட்டாராம். சும்மா இருக்கும் கைக்கு ஒரு வேலை, அறைக்கு வெளிச்சம். வாப்பாவிடம் கேட்டார். வாப்பா முடுக்கைக் காரணம் காட்டி, அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அறைக்கு வந்து ராத்தாவிடம் புலம்பினார்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. கோவத்துல சொல்லிட்டாரு.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நடுவில் ஏதோ இருக்கிறது. நான் தோண்டவில்லை.

ஜனவரி 18

கூடத்தில் எல்லாரும். நானும் கமாலுத்தீனும் நடுவில். ஜமாஅத்துக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். சேர்ந்து சொன்னது இதுதான் முதல் முறை. மச்சான் தாடியைச் சீர்செய்துகொண்டு வந்திருந்தார். ஸஃபா போய் மடியில் ஏறிக்கொண்டாள், இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. பேசுவதை அல்லாஹ் கேட்கிறான் என்று நினைத்துப் பேச வேண்டும் என்பது அவருடையது.

வாப்பா பேசினார்கள். முடுக்கில் நடப்பது நம் வீட்டுப் பெண்கள் மட்டும் இல்லை, நாலு வீட்டுப் பெண்கள். அங்கே ஓர் ஆண் கண் திறந்தால் ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளையை அவமதிக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை என்றார்கள். உம்மா, ஸ்டூலைப் பிடுங்கியது பாசத்தில்தான் என்றார்கள். அதுவும் உண்மை.

மச்சான் காவல்காரனைப் பற்றிச் சொன்னார். உம்மா வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

ராத்தா கடைசி. அவள் என்ன சொன்னாலும் யாரும் திருத்தப்போவதில்லை. அந்த அறையில் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும், மச்சான் அதை இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“சுவரு எங்க வாப்பாவோடதுன்னு சொன்னேன். ஆக்கிப்போடுறத சாப்ட்டுட்டுச் சும்மா இருங்கன்னு சொன்னேன். அதுக்குப் பொறவுதான் அவரு தலாக்குன்னு சொன்னாரு.”

உம்மா வாயில் முந்தானையை வைத்தார்கள். நான் கமாலுத்தீனைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்திருப்பார்.

மச்சான் ஸஃபாவை இறக்கிவிட்டார். “அவ சொன்னது வலிச்சுது. வாசல்ல காவக்காரன் நின்னதும் நெசம்தான். ஆனா தலாக்கச் சொன்னது காவக்காரன் இல்ல. நான்.”

நாலு கதையும் அப்படியே இருந்தன. யாரும் எதையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அன்று நடந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. இதை மேடத்துக்கு எப்படி எழுதுவேன், தெரியவில்லை. கமாலுத்தீனுக்கும் சொல்லமாட்டேன், தலைகால் புரியாமல் ஆடுவார்.

வாப்பா எழுந்து போகும்போது, முடுக்குக்காரர்கள் சம்மதித்தால் ஜன்னலுக்குத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள்.

ஜனவரி 19

இத்தனை வருஷம் முடுக்கின் மானத்தைப் பற்றி ஆண்கள் பேசியிருக்கிறார்கள். முடுக்கில் நடக்கிறவர்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

ஜனவரி 27

கேட்டுவிட்டேன். மூன்று வீட்டில் சரி என்றார்கள். எதிர்வீட்டு மைமூன் மாமி மட்டும், தலையில் துணி இல்லாமல் தான் நடக்கிற ஒரே இடம் இது, அதையும் பிடுங்க வந்தாயா என்று பிடித்துக்கொண்டார்கள். நியாயம். நான் திரும்பிப் போகக் கிளம்பினேன். மாமியே கூப்பிட்டார்கள்.

“ஒசரத்துல வைக்கச் சொல்லு. வெளிச்சம் உள்ள போகட்டும், கண்ணு வெளிய வரவேணாம். ஆமா, அந்தக் காவக்காரன் போயிட்டானா?”

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 3

மச்சான் இன்னும் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லியனுப்புவதோடு சரி. ராத்தாவுக்கு முதுகு வலி ஆரம்பித்துவிட்டது. அது வந்தால் அடுத்த சில நாளில் விலக்கு வரும். உம்மா அவள் முகத்தைப் பார்ப்பதும், வாசலைப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். ரமலானுக்கு வீடு வெள்ளையடிக்க வேண்டும். செருப்பைத் துடைத்து வைத்தேன். தூசி.

பிப்ரவரி 6

ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சான் வந்துவிட்டார். உளி, சுத்தியல், தோளில் ஒரு மரச்சட்டம். பின்னால் கமாலுத்தீனும் இன்னொருவரும். வாசலில் நின்று, வாப்பாவைப் பார்த்து, நஃபீலாவை மீட்டுக்கொண்டேன் என்றார். கமாலுத்தீன் சாட்சி. அவ்வளவுதான், மார்க்கச் சட்டப்படி ராத்தா மறுபடி அவர் மனைவி. வாப்பா அவரைக் கட்டிக்கொண்டார்கள். உம்மா அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினார்கள், நெய்மீன் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஸஃபா சுத்தியலைத் தூக்க முடியாமல் தூக்கினாள். அவர் குனிந்து, நான் துடைத்து வைத்திருந்த தன் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் கண் கலங்கியது. புகை.

மச்சான் நேராக அறைக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறினார். இந்தத் தடவை யாரும் ஸ்டூலைப் பிடுங்கவில்லை. உளிச் சத்தம் ஆரம்பித்தது.

ராத்தா எங்கே என்று அப்போதுதான் தேடினேன். இந்தச் சந்தோஷத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவராக உட்கார்ந்த நானும்தான்.

பின்கதவு திறந்து கிடந்தது. முடுக்கில், தன் அறைச் சுவருக்கு வெளியே, நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். உளுத்த சுண்ணாம்பு அவள் தலையில் உதிர்ந்தது. உள்ளே போ என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. மைமூன் மாமி தன் வாசலில் முறத்தோடு நின்றார்கள்.

மேலே முதல் செங்கல் ஆடியது. உள்பக்கம் இழுபட்டு மறைந்தது. கையளவு ஓட்டை. அவரால் அவளைப் பார்க்க முடியாது, அவளாலும் முடியாது. அவ்வளவு உயரம்.

“ஏங்க,” என்றாள்.

உளிச் சத்தம் நின்றது.

“திரும்பி வந்தது ஒங்க உரிமை. போனப்பவும் என்னைக் கேக்கல, வந்தப்பவும் கேக்கல. எனக்கும் நீங்க வேணும். ஆனா நீங்க வரட்டுமான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டாத்தான் நான் உள்ள வருவேன். கேளுங்க.”

நாங்கள் மூன்று பெண்களும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்து செங்கல் தூள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.